தாடிக்காரன் படம் வேண்டாம்

ஜூன் 4, ஞாயிறு

'அக்கினி ஆட்டம்', மேட்னி. தண்டம். ஹீரோ பாதிப் படம் மெதுவாக நடக்கிறான், மீதிப் படம் தாடியைத் தடவுகிறான். அப்பாவாக வரும் பெரியவர் சும்மா சும்மா நின்று முறைக்கிறார். "அப்பன் கேரக்டரு சுத்த வேஸ்டுங்க" என்று இடைவேளைக்கு முன்பே இவர் காதில் சொல்லிவிட்டேன். தலையாட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் எங்கள் வழக்கம். முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன படத்திலேயே மனுஷன் குறட்டை விட்டார். எழுப்பிக் காதோரம் கதை சொல்ல ஆரம்பித்தேன். இன்றுவரை நிறுத்தவில்லை. இவருக்கு வலப்பக்கம் உட்காருவேன். படம் ஓட ஓட என் அபிப்பிராயத்தைச் சொல்வேன். படம் விட்டதும் பேக்கரிக்குப் போவோம். அங்கே தறிக்காரர்கள் நாலு பேர் "நாச்சிமுத்தண்ணா, படம் எப்படீங்?" என்று கேட்பார்கள். நான் சொன்னதை வரி பிசகாமல் எடுத்து விடுவார். 'நாச்சிமுத்து நல்லாருக்குதுன்னா படம் நல்லாருக்கும்' என்று சோமனூர் பூராவும் பேர். பேர் அவருக்கு, படம் பார்த்தவள் நான். அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை.

இன்று பேக்கரியில் என்ன சொன்னார் தெரியுமா?

"அந்த அப்பனா வர்றவருக்காகப் படத்தைப் பாக்கலாமுங். பேசாம நிக்கற எடத்துலதான் மனுசன் நடிச்சிருக்காரு. ஹீரோதான் ஆவல. இனிமேட்டு தாடிக்காரன் படமே வேண்டாமுங்."

டீ எனக்குப் புரையேறிவிட்டது. நான் சொன்னதற்கு நேர்மாறு. இது என் அபிப்பிராயம் இல்லை. இவருக்கோ சொந்த அபிப்பிராயம் என்ற சங்கதியே கிடையாது. அப்படியானால் இது யாருடையது?

ஜூன் 7, புதன்

ஆனி முகூர்த்தத்துக்கு ப்ளவுஸ் குவிந்து கிடக்கிறது. மெஷின் பெல்ட் அறுந்து, மாற்றினேன். ஆத்துத் தண்ணீர் வந்தது, எல்லாக் குடத்தையும் நிரப்பினேன்.

கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். இவரே தாடியோடுதான் நிற்கிறார். அப்போது ஆகிவந்த தாடி இப்போது ஏன் ஆகவில்லை? சொல்லிக் கொடுத்தவளுக்குத் தாடி பிடிக்காது போலிருக்கிறது.

'வளுக்கு' என்று கை தானாக எழுதிவிட்டது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 11, ஞாயிறு

'உனக்கென ஒரு கோடை'. எனக்குப் பிடித்தது. கதாநாயகி பம்பாய்ப் பெண், ஆனாலும் ரயிலடியில் அழுகிற இடத்தில் என்னையும் அழ வைத்தாள். குரல் கொடுத்தவள் யாரோ, தேன் மாதிரிக் குரல். "பொண்ணு பிரமாதம்" என்று காதில் சொன்னேன். தலையாட்டினார்.

தலையாட்டியது எல்லாம் பொய். பேக்கரியில், "அந்தப் புள்ள என்ன பேசுதுன்னே வெளங்கலீங். வாயி தமிழ் பேசறாப்லயே இல்ல. கூட ஒரு வேலக்காரம்மா வந்துதுங்களே, அதுதான் நடிப்பு" என்றார்.

கட்டினவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இந்த மனுஷன் படம் முழுக்க ஹீரோயின் வாயையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்! போன வருஷம் வரைக்கும் ஹீரோயினுக்கு வாய் இருக்கிறதா என்றே இவருக்குத் தெரியாது.

இன்னொன்று. காமெடிக்குத் தியேட்டரே சிரித்து ஓய்கிற நேரத்தில்தான் இவர் சிரிக்க ஆரம்பிக்கிறார். உடம்பு இங்கே, மனசு வேறெங்கோ.

ஜூன் 14, புதன்

கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லலாம் என்று போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து மெசேஜ் வருகிறது: 'சொல்லு'. வாயைத் திறந்து பேசினால் என்ன? பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது என் குரலைக் கேட்டுவிடுவார்களோ?

ஓசூரில் வேலை பார்க்கும் மகளிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். "எனக்கும் அப்படித்தாம்மா. அப்பா போனே எடுக்கறதில்ல. மெசேஜ்லதான் பேசறாரு. ஸ்மைலி எல்லாம் போடறாரும்மா, செம க்யூட்!" என்று சிரிக்கிறாள் நிவேதா.

ஸ்மைலி. தறி மேஸ்திரிக்கு ஸ்மைலி.

ஜூன் 18, ஞாயிறு

இன்று கையும் களவுமாகப் பிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மத்தியானம் நான் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தேன். இவர் உள்ளே கட்டிலில் சாய்ந்து போனில் படம் பார்க்கிறார். தண்ணீர் குடிக்கப் போன நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். துருக்கிப் படமாம், 'எருமைச் சந்தை'. கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது. இவர் படித்துக்கொண்டே பார்க்கிறார். சத்தம் துளிகூட இல்லை. காதில் வயரும் இல்லை.

"ஏனுங்க, சத்தம் வெக்கலீங்களா?" என்றேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். திருடன் மாதிரித் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். கண்ணெல்லாம் சிவந்து, ஈரம்.

"உன்ற தூக்கம் கெட்டுறக் கூடாதுன்னுதான் சத்தமில்லாம பாத்தேன் அம்மிணி."

பட்டப்பகல். நான் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். என்ன தூக்கம்?

"படத்தை யாரு குடுத்தாங்க?"

என் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு வினாடி யோசித்து, "தெரிஞ்ச பையன்" என்றார்.

ராத்திரி இவர் தூங்கின பிறகு அந்தப் படத்தை நானும் பார்த்தேன். மூன்று பேர் ஒரு கிழட்டு எருமையை விற்கப் போகிறார்கள். விற்கவில்லை. திரும்ப ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. நம் ஊர் ஆள் எடுத்திருந்தால் எருமைக்கு ஒரு பாட்டாவது வைத்திருப்பான். இதற்குப் போய் அழுகிறார் என்றால் அழுகை எருமைக்காக இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

மேட்னிக்குக் கூப்பிட்டேன். "சங்க மீட்டிங் இருக்குது" என்றார். விசைத்தறிச் சங்கத்து மீட்டிங்குக்கு எவனாவது இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பவுடர் அப்பிக்கொண்டு போவானா?

பொழுதோடு திரும்பி வந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி. சாப்பிடும்போது தானாகவே பேச்சை எடுத்தார். 'கொப்பரை' என்று ஒரு மலையாளப் படமாம்.

"நம்ம படத்துல எல்லாத்தையும் வாயால சொல்லிப்போடறாங்க அம்மிணி. அந்தப் படத்துல சண்டை முடிஞ்சதும் அந்தம்மா ஒரு சொம்பு கழுவுது பாரு. கழுவிக்கிட்டே இருக்குது. அவ்வளவுதான். அதுலயே எல்லாம் தெரிஞ்சு போவுது."

"சங்க மீட்டிங்குல படமா போட்டாங்க?" என்றேன்.

சோற்றைப் பிசைந்தார். ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

இந்த மனுஷன் இந்த வீட்டில் ஒரு சொம்பையாவது கழுவியிருப்பாரா? சொம்பு கழுவுவதை ஒரு ஆம்பளை கவனிக்கவே மாட்டான். இது ஒரு பொம்பளை சொன்னது. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வேன்.

ஒரு மனுஷன் மாறிவிட்டான் என்பதை மற்ற பெண்கள் சட்டைக் காலரில் கண்டுபிடிப்பார்கள். நான் அவர் வாயில் கண்டுபிடித்தேன். அந்த வாயில் இத்தனை வருஷம் என் பேச்சுதான் வந்தது. இப்போது வேறொருத்தி பேச்சு வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது, அதை எழுதிவிடுகிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

பின்னாலேயே போனேன். இவர் பைக்கில், நான் பஸ்ஸில். "அண்ணன் இந்த ஞாயித்துக்கிழமையும் பல்லடம் போறாப்ல" என்று பேக்கரிக்காரன் வாய்தவறிச் சொன்னதை வைத்துத்தான். ஸ்டாண்டில் இறங்கி இரண்டு தெரு தேடினேன். ஒரு டியூஷன் சென்டர் வாசலில் பைக் நின்றது. மாடிப்படியில் ஒரு அட்டை: 'ஞாயிறு உலக சினிமா. தமிழ் எழுத்துகளுடன். அனைவரும் வருக.'

ஜன்னலில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். கதவிடுக்கில் நின்றேன். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இவர் முன்வரிசையில், திரைக்கு மூக்கு இடிக்கிற மாதிரி. படம் கொரியாக்காரர்களுடையது, 'பாலத்துக்கு அந்தப்புறம்'. கால் கடுக்க முழுப் படத்தையும் நின்றே பார்த்தேன். நல்ல படம். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேவு பார்க்கப் போன இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கக்கேடு.

லைட் போட்டதும் எல்லோரும் பேசினார்கள். இவரும் எழுந்தார். தறி ஷெட்டில் கத்துகிற மாதிரி உரக்கப் பேசினார். "அந்தப் பொண்ணு பாலத்தைத் தாண்டவே இல்லீங். தாண்டினாப்ல நினைச்சுக்குது. காலைப் பாருங்க, செருப்புல சேறே இல்ல."

நான் அதைக் கவனிக்கவில்லை. சேறு என் கண்ணில் படவே இல்லை.

அப்புறம்தான் அவள் வந்தாள். இந்துமதி மேடம் என்றார்கள், காலேஜ் வாத்தியாராம். நாற்பது வயசு இருக்கும். கைத்தறிச் சேலை, ப்ளவுஸ் கை வெட்டு சரியில்லை, பின்பக்கம் ஏறிக்கொண்டு நிற்கிறது. மற்றவர்களிடம் சாதாரணமாகப் பேசினவள், இவரிடம் வந்ததும் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு, வாயை அகல அகலத் திறந்து, கோணிக் கோணிப் பேசுகிறாள். என்ன ஒரு குழைவு! இவரும் கண்ணெடுக்காமல் அவள் உதட்டையே பார்க்கிறார். நடுவில் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். இவர் வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டிச் சிரித்தார். அவள் விடவில்லை. மறுபடி காதைத் தொட்டுக் காட்டினாள்.

கம்மல் கேட்கிறாள் போல.

படியிறங்கி வந்துவிட்டேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

ஜூலை 5, புதன்

சாப்பாட்டுக் கேரியரை நானே ஷெட்டுக்குக் கொண்டு போனேன். உளவு பார்க்கத்தான்.

நாற்பது தறி ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் ஏறாது. அங்கே எல்லோரும் கையைக் காட்டி, வாயை அசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக ஒரு வருஷம் ஆகும். இவர் அங்கே ராஜா. கடைசித் தறியிலிருந்து ஒருத்தன் உதட்டை அசைக்கிறான், இந்தக் கோடியிலிருந்து இவர் விரலைக் காட்டுகிறார், அங்கே தறி நிற்கிறது.

வெளியே தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண்ணிடம், "உங்க மேஸ்திரி முன்ன மாதிரி இருக்காரா, ஏதாச்சும் மாறிட்டாரா?" என்று கேட்டேன்.

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ மேலுங்க்கா. நாங்க எங்கிருந்து வாயசைச்சாலும் கப்புனு புடிச்சுக்கறாரு. அவரைப் பத்தி அக்கட்டால நின்னு ஒண்ணும் பேச முடியாதுங்க்கா" என்று சிரித்தாள்.

ஆக, வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை வைப்பது என்னிடம் மட்டும்தான்.

ஜூலை 9, ஞாயிறு

'கோட்டைமேட்டுக் கில்லாடி'. நானாகத்தான் வற்புறுத்திக் கூட்டிப் போனேன். ஹீரோவுக்குத் தாடி இல்லை என்று போஸ்டரைக் காட்டித்தான் சம்மதிக்க வைத்தேன்.

வீட்டில் கேட்டால் என் முகத்தையே பார்த்துப் பார்த்து யோசித்துப் பதில் சொல்கிறார். யோசிக்கிறவன் பொய் சொல்லத்தான் யோசிப்பான். இருட்டில் கேட்டால், பழக்கதோஷத்தில் உண்மை வந்துவிடும். காதோரம் நான் சொன்னதற்கு இவர் பொய்யாகத் தலையாட்டினது கிடையாது என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் ஜூனிலேயே போய்விட்டது, இருந்தாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திரையில் காமெடி சீன். வாயைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"பல்லடத்துல ஒருத்தியப் பாக்கப் போறீங்களே, அது நெசமா?"

தலையாட்டினார்.

"அவளைப் புடிச்சிருக்குதா?"

தலையாட்டினார். என் கையை எடுத்துத் தன் தொடைமேல் வைத்துத் தட்டிக் கொடுத்தார்.

"அப்ப நான் எங்கண்ணன் ஊட்டுக்கே போயிரட்டுமா?"

திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

படம் எப்படி என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது.

ஜூலை 10, திங்கள்

ஆறு ப்ளவுஸ் முடித்தேன். ஒன்றில் கை மாற்றி வைத்துவிட்டேன். பிரித்தேன்.

ஜூலை 12, புதன்

அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுசாகச் சொல்லவில்லை. "மனசு சரியில்லைண்ணா, கொஞ்ச நாள் அங்க வந்து இருக்கட்டுமா?" என்றேன். என் குரலே அவனுக்குப் போதும். அடுத்த வாரக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை, வண்டி கொண்டுவருகிறேன் என்றான். மெஷினும் ஏறுமா என்று கேட்டேன். ஏறுமாம்.

"ஏனம்மிணி மூஞ்சி வாடியிருக்குது?" என்று இவர் கேட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு "ஒண்ணுமில்லீங்க" என்றேன். "என்ன சொன்னே?" என்றார். திரும்பாமலே மறுபடி சொன்னேன். "என்ன?" என்றார் மறுபடியும். நான் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளக்கூட மனசில்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. காற்று ஆளைத் தள்ளுகிறது. புதுத் துணி தைக்க யாரும் வரவில்லை. என் சேலைகளை இரண்டு பையில் அடுக்கினேன். ஒரு பழைய சினிமா டிக்கெட் மடிப்பில் கிடந்தது, என்ன படம் என்று தெரியவில்லை, எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன், போடவில்லை.

ஜூலை 21, வெள்ளி

பொழுது சாய்ந்த நேரத்தில் காற்றில் எங்கோ கம்பி அறுந்து கரண்ட் போனது. வீடு கும்மிருட்டு. இவர் அப்போதுதான் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன்.

இருட்டு எனக்குத் தைரியம் கொடுத்தது. முகம் தெரியாது, அழுதாலும் தெரியாது. அத்தனையையும் கொட்டினேன். பல்லடத்துக்கு வந்தது, கதவிடுக்கில் நின்றது, அவளுடைய கோணல் வாய், கம்மல். "நாளான்னைக்கு எங்கண்ணன் வர்றான். நான் போறேன். உங்களுக்குப் படம் சொல்லித் தர அவ இருக்கா. எனக்கு யாரு இருக்கறா? இத்தனை வருசம் உங்க காதுக்குள்ளயே பேசிப் பேசி என்ற தொண்டை வத்திப் போச்சு. ஒரு வார்த்தை சொல்லுங்க, ஆமான்னாவது சொல்லுங்க!"

சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

இருட்டிலிருந்து இவர் குரல் வந்தது, ரொம்பச் சாவகாசமாக.

"மெழுகுவத்தி எங்க வெச்சிருக்கற அம்மிணி?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நான் போறேங்கறேன், மெழுகுவத்தியா கேக்கறீங்க!" என்று தட்டுத்தடுமாறிப் போய் இவர் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"அட, இங்கதான் இருக்கறயா? என்ன அம்மிணி, எதுக்கு இப்படி உலுக்கறே? பேசறயா? இரு இரு. போன் லைட்டை உன்ற மூஞ்சிக்கு அடி. மூஞ்சி தெரியாம எனக்கு..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

காற்று ஓட்டின் மேல் ஏதோ உருட்டிக்கொண்டு போனது. நான் போனை எடுத்தேன். லைட்டை என் முகத்தில் அடித்துக்கொண்டேன். கண் கூசியது. இவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தார்.

ஜூனிலிருந்து நான் எழுதியதெல்லாம் என் மண்டைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. தாடி. பம்பாய்ப் பெண் வாய். சொம்பு. செருப்பில் சேறு. காதைத் தொட்டுக் காட்டினாளே, அந்தப் புண்ணியவதி.

சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்.

'காது கேக்கலீங்களா?'

"போன தீவாளியிலிருந்தே கொறைஞ்சு வந்துது" என்றார். "சித்திரைக்குள்ள சுத்தமாப் போச்சு. அருகுல பேசினா என்னமோ வண்டு மாதிரிக் கேக்கும். வார்த்தை வராது."

போன் லைட் என் முகத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்து மறுபடி முகத்துக்கு உயர்த்தினார்.

"ஏனுங்க என்கிட்டச் சொல்லல?"

"ஷெட்டுல ஒண்ணும் தொந்தரவில்ல, அங்க எவனுக்குமே கேக்காது. ஊட்டுலயும் உன்ற மூஞ்சியப் பாத்துச் சமாளிச்சுக்கலாம். தியேட்டருலதான் ஒண்ணும் வெளங்கல. பேக்கரில பசங்க கேப்பானுங்க, படம் எப்படீன்னு. என்ன சொல்றது? இத்தன வருசம் படம் நீதான பாத்தே? வேற வழியில்லாம நானே பாக்க ஆரம்பிச்சேன்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எழுத்து ஓடற படம்னா முழுசாப் புரியுது. அதுக்குத்தான் பல்லடம். அந்த மேடத்தோட அம்மாவுக்குக் காது கேக்காதாம், என்னைப் பாத்த ஒடனே கண்டுபுடிச்சிட்டாங்க. மிஷின் வெச்சுக்கோங்க, வெச்சுக்கோங்கன்னு போறப்பவெல்லாம் உயிரை எடுக்கறாங்க."

"நான் காதுல பேசறப்பவெல்லாம் தலையாட்டினீங்களே?"

"இருட்டுல எனக்கு என்ன தெரியும்? நீ தப்பாவா சொல்லியிருப்பே? ஆட்டினேன்."

"கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொன்னா நிறுத்திப்போடுவயே."

"கேக்காத காதுல பேசி என்னத்துக்கு?"

இவர் தன் வலது காதைத் தொட்டுக்கொண்டார். "கேக்கலீன்னா என்ன? சூடு தெரியுதில்ல" என்றார்.

லைட்டை அணைத்துவிட்டேன். அழுதேன். ரொம்ப நேரம். கரண்ட் வந்தபோது தோசைக்கு அரைக்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. உப்புமா கிண்டினேன்.

தியேட்டரில் எதற்கெல்லாம் தலையாட்டினார் என்பதை இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 22, சனி

அண்ணனிடம் வரவேண்டாம் என்று சொன்னேன். "வண்டி சொல்லிட்டனே அம்மிணி" என்று கத்தினான். கத்தட்டும். அவன் கத்துவது எனக்குக் கேட்கிறது.

பைகளைப் பிரித்துச் சேலைகளைப் பீரோவில் வைத்தேன். இவர் பார்த்துவிட்டார். "எங்க போறாப்ல?" என்றார். "பூச்சி வருதுன்னு வெயில்ல போட எடுத்தேன்" என்றேன், முகத்தை நேராகக் காட்டிக்கொண்டு.

ஆகஸ்ட் 2, புதன்

கோயமுத்தூரில் காது டாக்டர். இத்தனை வருஷத் தறிச் சத்தம்தான் காரணமாம். நரம்பு போனது போனதுதான், மிஷின் கொஞ்சம் கை கொடுக்கும் என்றார். வைத்து விட்டார்கள். "தகர டப்பாவுக்குள்ள நின்னு எல்லாரும் பேசறாப்ல இருக்குது" என்கிறார். என் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அதட்டறாப்ல" என்றார். அது மிஷின் கோளாறு இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இரண்டு பேருமாகப் பல்லடம் போனோம். 'மூன்றாம் வீட்டுச் சாவி', ஈரான் படம். முதல் பாதி நன்றாக இருந்தது, பின்பாதி இழுவை. இவர் நேர்மாறாகச் சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நானும் எல்லோர் முன்னிலையிலும் மறுத்தேன்.

இந்துமதி மேடம் என் கையைப் பிடித்து, "உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்காருங்க" என்றாள். என்ன சொல்லியிருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் அவளிடமிருந்து இல்லை. ப்ளவுஸைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தக் கையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

'சூரக்கோட்டை மாப்பிள்ளை', நம் ஊர்த் தியேட்டரில். ஹீரோவுக்குத் தாடி. நான் வேண்டாம் என்றேன், "எனக்கு எந்தப் படமா இருந்தா என்ன, வா" என்று இவர்தான் கூட்டிப் போனார். வெடிச் சத்தம் தாங்காமல் முதல் பாட்டிலேயே மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் ஏதோ சண்டை. இவர் தலையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார். எப்போதும் சாய்ப்பாரே, அதே மாதிரி. காத்திருக்கிறார் என்று புரிந்தது.

வாயைக் காதோடு வைத்தேன். பேசினேன். இடைவேளை வரைக்கும் பேசினேன். படத்தைப் பற்றி இல்லை. என்ன பேசினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. ஜூலை ஒன்பதாம் தேதியிலிருந்து ஆரம்பித்தேன் என்பது மட்டும் போதும். இவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

லைட் போட்டார்கள். என் பக்கம் திரும்பி, "இப்பச் சொல்லு. இவ்வளவு நேரம் என்ன சொன்னே?" என்றார்.

"ஹீரோ தாடியை எடுத்திருக்கலாம்னு சொன்னேன்" என்றேன்.

என் உதட்டைப் பார்த்தார். அப்புறம் கண்ணைப் பார்த்தார். சட்டை முனையை இழுத்து வலது காதைத் துடைத்துக்கொண்டார்.

"தாடிக்கா அம்மிணி என்ற காதெல்லாம் இவ்வளவு ஈரம்?"

பாப்கார்ன் வாங்கிவருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.